கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பட்டு



கல்யாண நாட்கள் வந்துவிட்டால் புனே லட்சுமி சாலையில் கால் வைக்க இடமிராது. அங்குள்ள புடவைக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பைத்தானிப் பட்டு விரிந்து கிடக்கும். கோதாவரிக் கரையிலுள்ள பைத்தான் நகரின் பெயரைத் தாங்கிய ஆடை அது. அதன் முந்தானையில் உள்ள மயிலும் தாமரையும் ஊசியால் தைக்கப்பட்டவை அல்ல. பல நிற இழைகளைக் கையால் கோத்துத் தறியிலேயே நெய்யப்பட்டவை. நுட்பமான வேலையாயின் ஒரு புடவைக்கே பல மாதங்கள் செல்லும். நெடுங்காலம் ஆலைத் தறியில் நின்ற எனக்கு அவ்வேலையின் அருமை தெரியும்; விலை கேட்கும் துணிவு மட்டும் இன்றுவரை வந்ததில்லை.

அண்மையில் உபாசிகை ஒருவர் என்னிடம், “ஐயா, மகளோடு அக்கடைமுன் வெகுநேரம் நின்றுவிட்டேன். வாங்க இயலாததைப் பார்த்து மகிழ்வதும் பாவமா? மகள் மணத்துக்குக் கடன்பட்டாவது ஒன்று எடுக்கலாமா என்றும் மனம் அலைகிறது” என்றார்.

அம்மையீர், அழகைக் காண்பது பாவமன்று. பகவான் இளமையில் காசிநாட்டு மெல்லாடை உடுத்தவர். துறந்தபின், மருத்துவர் ஜீவகர் அளித்த விலையுயர்ந்த சிவிநாட்டு ஆடையை இகழாது ஏற்றவர். மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைக் கண்டு, அவ்வாறே சீவரம் தைக்க இயலுமா என ஆனந்தரை வினவியவரும் அவரே. அழகறியாக் கண்ணா அது?

பின் துன்பம் எங்கே பிறக்கிறது? மணிமேகலை கூறும் பன்னிரு சார்புகளில், வாயிலால் ஊறும், ஊற்றால் நுகர்வும், நுகர்வால் வேட்கையும், வேட்கையால் பற்றும் தோன்றுகின்றன. கண் பட்டைக் கண்டது ஊறு. இனிதென உணர்ந்தது நுகர்வு. இதுவரை குற்றமில்லை. ‘எனக்கு வேண்டும்’ என எழுந்ததே வேட்கை. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் ஒரு வாயிற்படி உண்டு. அங்கே நிற்கக் கற்பதே நம் பயிற்சி.

இதை இவ்வூரிலேயே சோதித்துப் பார்க்கலாம். தினகர் கேல்கர் என்பார், இளமையில் இறந்த தம் மகன் ராஜாவின் பெயரால் அமைத்த அருங்காட்சியகத்தை 1975இல் மகாராட்டிர அரசுக்கு அளித்தார். அங்குள்ள பழைய ஆடைகளைக் கண்டு நாம் மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். ஒருவரும் ஏங்கி அழுவதில்லை. கடைக் கண்ணாடிமுன் மட்டும் நெஞ்சு வேகிறது. கண்ணும் அதே கண், பட்டும் அதே பட்டு. இடையில் வந்தது ‘எனது’ என்னும் எண்ணம் ஒன்றே!

எனினும் ஒன்று சொல்வேன். ‘உனக்கு ஏன் நல்லாடை?’ என்று நம் முன்னோரைத் தடுத்தவர்களின் சொல்லை நான் திருப்பிச் சொல்வதாக எண்ணற்க. பாபாசாகேப் 1927இல் மகாட் நகரில், நம் பெண்கள் இழிவின் அடையாளமான பழைய உடைமுறையை விட்டுத் தூய்மையாய் உடுத்த வேண்டும் என்றார். 1954 டிசம்பர் 25இல், நமக்கு அருகிலுள்ள தேகு ரோட்டில் அவர் புத்தர் திருவுருவை நிறுவினார். அவர் தந்த தன்மானம் செம்மையாய் உடுத்துவதில் உள்ளது. பட்டின் விலையில் இல்லை. பிறர் முன் தலைநிமிர வாங்கிய பட்டே, வட்டிக்காரன் முன் தலைகுனிய வைக்குமாயின் அது ஆடையா, விலங்கா?

ஆகவே தாயே, மகளோடு மீண்டும் அக்கடைமுன் செல்லுங்கள். நாணாது நின்று பாருங்கள். அதை நெய்த கைகளை நினையுங்கள். உரிய கூலி அவர்க்குக் கிடைக்குக என வாழ்த்துங்கள். உடுக்கப்போகும் மணமகளையும் வாழ்த்துங்கள்; பிறர் இன்பத்தில் மகிழும் அதுவே முதிதை. பின்னர், கைப்பொருளுக்கு ஏற்ற தூய புடவை ஒன்றை எடுத்து, கடனின்றி மகளை மணமேடை ஏற்றுங்கள்.

பட்டு கண்ணாடிக்குப் பின்னாலேயே இருக்கட்டும். அதைக் கண்ட மகிழ்ச்சி உங்களோடு வீடு வரும், அதற்கு விலையில்லை.

எல்லா உயிர்களும் இன்புறுக!