கருவியும் செவியும்

பொருள் படைத்தோர் இல்லங்களில், கூடத்துச் சுவரை மறைக்கும் தொலைக்காட்சித் திரையும், ஆளுயர ஒலிபெருக்கிகளும், அவற்றுக்கென்றே கட்டிய தனி அறையும் அமைந்திருக்கக் காணும்போது, இவற்றை உடையவர் கலையை உபாசிப்பவராகவே இருத்தல் வேண்டும் என்று எண்ணிவிட மனம் முந்துகிறது. அந்த எண்ணம் ஆராய்ச்சிக்குரியது என்பது என் அபிப்பிராயம்.

கருவியை நிந்திப்பது என் நோக்கமன்று. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை, அவர் மறைந்த 1956-க்குப் பின் பிறந்தவர்களும் கேட்கும் பாக்கியம் பெற்றது இசைத்தட்டின் உபகாரத்தால்தான். பக்கமொன்றுக்கு ஏறத்தாழ மூன்று நிமிஷமே ஓடிய அந்நாளைய தட்டு, கோயில் வீதியில் மணிக்கணக்காக விரிந்த ஆலாபனையைச் சுருக்கியே தந்ததெனினும், தந்தது அமிர்தம். இன்றைய உயர்ந்த சாதனங்களோ தம்பூராவின் கார்வையையும், கமகத்தின் நுண்ணிய அசைவையும், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தையும்கூடக் கொணர்ந்து சேர்க்கின்றன. கேட்பவர் செவி பக்குவப்பட்டிருந்தால் அது பெரும்பேறே.

அந்தப் பக்குவம் விலைக்குக் கிடைப்பதில்லை. எனக்குத் தெரிந்த செல்வர் ஒருவர், புதிதாக வாங்கிய சாதனத்தின் திறத்தைக் காட்டும் பொருட்டுக் காம்போதி ஆலாபனை ஒன்றை ஒலிக்கவிட்டு, ராகம் மேல் ஷட்ஜத்தை எட்டி நிலைகொள்ளும் தறுவாயில் அதை நிறுத்தி, கண்ணாடி நொறுங்கும் ஓசை எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது பாருங்கள் என்று வேறொன்றைப் போட்டார். எங்கள் தெருவிலிருந்த தையற்காரரோ, இரவு வானொலிக் கச்சேரியில் ஆலாபனை தொடங்கியதும் மிஷினின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். இரைச்சல் மிகுந்த அந்தப் பழைய பெட்டியில் வருவது காம்போதியா, ஹரிகாம்போதியா என்று நிச்சயப்படும்வரை துணியைத் தொடமாட்டார். பல்லாண்டுப் பொறுமையால் அவர் ஈட்டியிருந்த கேள்வி ஞானத்துக்கு எந்தக் கடையிலும் விலைச்சீட்டு இல்லை.

சென்னை நகரசபை 1930-இல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை அமைத்து, பெட்டி வாங்க இயலாதவரும் பாட்டுக் கேட்க வழி செய்தது. யாதொரு கருவிக்கும் உடைமையாளராக இல்லாத அந்த ஜனங்கள் புல்தரையில் அமர்ந்து கேட்ட கேள்வியைக் கலாசாரம் அன்றென்று எவர் சொல்லத் துணிவார்?

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. கருவிக்குக் கொடுக்கும் பணம் அதைச் செய்தவனுக்கும் விற்றவனுக்கும் போய்ச் சேருகிறதேயன்றி, மூச்சடக்கி நாகஸ்வரம் வாசிப்பவனுக்கும், திண்ணையில் குழந்தைகளுக்கு ஸ்வர வரிசை சொல்லித் தரும் ஆசிரியருக்கும் போய்ச் சேருவதில்லை. லக்ஷக்கணக்கில் செலவிட்டு வீட்டில் ஒலிபெருக்கி நாட்டியவர், தம் ஊர்ச் சபையில் இளம் வித்வான் பாடும் மாலையில் சில நூறு ரூபாய்ச் சீட்டு வாங்கத் தயங்குவாராயின், அவர் போஷிப்பது கலையை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆதலால், வசதி உடையவர் நல்ல கருவியைத் தாராளமாக வாங்கட்டும். வாங்கிய பின், ஒரு ராகத்தை முடியும்வரை இடையறாது கேட்கும் பழக்கத்தைப் பயிலட்டும். அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து உட்காரவைத்துக்கொள்ளட்டும். உயிரோடிருக்கும் கலைஞனுக்கு உரிய சன்மானத்தை மறவாது அளிக்கட்டும். அப்பொழுது அந்தக் கருவி, உடையவரின் ரஸனைக்கு உண்மையான சாக்ஷியாகும்.