கட்டாயப் பாடத்தின் நியாயம்

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் கணக்கியலோ செவிலியர் பணியோ குளிர்சாதனப் பழுதுபார்ப்போ கற்று இணைநிலைப் பட்டம் எனப்படும் ஈராண்டுப் பட்டத்தைப் பெற விரும்பும் ஒருவர், தாம் தேடி வந்த துறையின் பாடங்களோடு, தாம் தேடி வராத பாடங்கள் சிலவற்றையும் முடித்தாக வேண்டும். ஆங்கிலக் கட்டுரை, கணிதம், இயற்கை அறிவியல், கலை, இலக்கியம், மெய்யியல், சமூக அறிவியல் எனப் பல புலங்களிலிருந்து குறித்த அளவு எடுக்க வேண்டிய இப்பாடங்களின் தொகுதி பொதுக் கல்வித் தேவை என்று வழங்கப்படுகிறது. நிர்வாக நோக்கில் இது ஒரு பட்டியல்தான்; ஆனால் அறிவும் உழைப்பும் உடைய வளர்ந்த மனிதர் ஒருவரை, அவரது மனத்தை விடுவிப்பதற்காகவே கட்டாயப்படுத்துவது எவ்வகையில் நியாயம் என்ற பழைய மெய்யியல் வினா அப்பட்டியலுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. கான்ட் தம் கல்வியியல் விரிவுரைகளில், கட்டாயத்தின் நடுவே சுதந்திரத்தை வளர்ப்பது எவ்வாறு என்பதைக் கல்வியின் பெருஞ்சிக்கல்களுள் ஒன்றாக வைத்தார். 1803இல் அச்சேறிய அந்நூலில் அவர் மனத்தில் இருந்தவர்கள் குழந்தைகள். சமுதாயக் கல்லூரியின் வகுப்பறையிலோ இரவுப் பணி முடித்து வருபவரும், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு வருபவரும் அமர்ந்திருக்கிறார்கள்.

116 சமுதாயக் கல்லூரிகளைக் கொண்ட கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டால் இக்கட்டாயத்தின் எடை துலங்கும். அங்கு இணைநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 60 அலகுகள் தேவை. அலகு என்பது படிப்பின் அளவைக் குறிக்கும் கணக்கு. அரையாண்டுப் பருவமுறையில் ஓர் அலகுக்கு, வகுப்பில் செலவாகும் நேரமும் வீட்டில் படிக்கும் நேரமும் சேர்த்துக் குறைந்தது 48 மணி நேர உழைப்பு என்று விதி வகுத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் சட்டமொன்றால் உருவாகி, 2025ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் நடைமுறைக்கு வந்த கால்-கெட்சி என்னும் பொதுக் கல்வித் திட்டம், நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல விரும்புவோருக்கு 34 அலகுகளை வகுக்கிறது. இதனை மணிக்கணக்காக்கினால் 1632 மணி நேரம் வருகிறது. அலகுக்கு 46 டாலர் என்ற கட்டணம் அந்நாட்டு அளவில் குறைவு என்பதும், வருமானம் குறைந்தோருக்கு அதுவும் தள்ளுபடியாகிறது என்பதும் உண்மையே. ஆயினும் உழைத்துப் பிழைக்கும் ஒருவரிடமிருந்து கல்லூரி பெறுவது பணத்தைக் காட்டிலும் காலத்தையே. அந்தக் காலத்தைத் தள்ளுபடி செய்ய எந்த அலுவலகத்தாலும் இயலாது.

இத்தகைய கட்டாயம் அமெரிக்கக் கல்வியில் எப்போதும் ஒரே நிலையில் இருந்ததில்லை. 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், மாணவர் தாமே பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறையை விரிவாக்கினார். அந்த விரிவு அறிவைச் சிதறடித்துவிட்டது என்ற கவலை இருபதாம் நூற்றாண்டில் வலுத்து, 1945இல் அதே ஹார்வர்டு சுதந்திரச் சமுதாயத்தில் பொதுக் கல்வி குறித்த அறிக்கையை வெளியிட்டது. அதனினும் சமுதாயக் கல்லூரிக்கு நெருக்கமானது, குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947இல் அளித்த அறிக்கை. சமுதாயக் கல்லூரி என்ற பெயரைப் பரவலாக்கிய அவ்வறிக்கை, தொழிற்பயிற்சியும் பொதுக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் நிகழவேண்டும் என்று வற்புறுத்தியது. உலகப்போரின் அழிவைக் கண்ட தலைமுறைக்கு, தொழில் மட்டும் அறிந்து உலகை அறியாத குடிமகன் பேராபத்தாகத் தோன்றினான். இவ்வச்சம் பொய்யன்று. ஆனால் ஒரு நாட்டுக்கு நல்லது என்பதனாலேயே அதன் செலவை ஒருவர்மேல், அதுவும் நேரம் மிகக் குறைந்தவர்மேல், சுமத்தலாம் என்றாகிவிடாது. எனவே அந்த மாணவருக்கே அது நல்லதா என்னும் வினாவிலிருந்து தப்பிக்க வழியில்லை.

இங்கே முதல் எதிர்ப்பு ஜான் ஸ்டூவர்ட் மில்லிடமிருந்து எழுகிறது. 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு நேராதவரை, ஒருவரது சொந்த நன்மையைக் காரணமாகக் காட்டி அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அவர் வரையறுத்தார்; குழந்தைகளை இவ்விதிக்கு விலக்காக வைத்தார். ஒருவருக்கு எது நல்லது என்பதை அவரைவிடத் தாமே நன்கறிந்ததாகக் கருதி, தந்தை பிள்ளைக்குச் செய்வதுபோல் அவருக்காக முடிவெடுக்கும் போக்கைத் தந்தைமைத் தலையீடு எனலாம். பட்டத்தை விரும்புபவர் தாமாக வந்து சேர்கிறார், பாடம் பிடிக்காவிடில் விலகலாம், ஆகவே இதில் கட்டாயமே இல்லை என்று சிலர் விடை கூறுவர். அவ்விடை போதாது. பட்டமின்றி நல்ல வேலைகள் பலவற்றின் வாயில் அடைபட்டிருக்கும் ஒரு சமூகத்தில், விலகும் உரிமை பெயரளவிலான உரிமையாகவே நிற்கிறது.

எனினும் மில்லின் வாதத்துக்கு மில்லிடமே ஒரு தடை இருக்கிறது. இரண்டு இன்பங்களில் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறத் தகுந்தவர் இரண்டையும் நுகர்ந்தறிந்தவரே என்பது, பயன்கொள்கை பற்றிய அவரது மற்றொரு நூலின் புகழ்பெற்ற கருத்து. அவ்வாறாயின் புவியியற் காலங்களைப் பற்றியோ அளவையியலைப் பற்றியோ ஒரு சொல்லும் அறியாத ஒருவர், அவை தமக்கு வேண்டா என்று கூறும்போது எதை மறுக்கிறார்? அறியாத ஒன்றைத் தேடுவது எவ்வாறு என்று பிளேட்டோவின் உரையாடலில் மெனோ சாக்ரட்டீசை மடக்கும் புதிரும் இதுவே: தெரிந்ததைத் தேடத் தேவையில்லை, தெரியாததைத் தேட வழியில்லை. அண்மைக்காலத்தில் எல். ஏ. பால், ஆக்னஸ் காலர்டு ஆகிய மெய்யியலாளர்கள் இதே முடிச்சை வேறு திசையிலிருந்து அணுகியிருக்கிறார்கள். சில அனுபவங்கள் மனிதரின் விருப்பங்களையே மாற்றிவிடுவதால் அவற்றின் மதிப்பை முன்கூட்டியே எடைபோட முடியாது என்று பால் 2014இல் வாதிட்டார். இன்னும் முழுமையாக உணராத ஒரு மதிப்பை நோக்கித் தன்னை வளர்த்துக்கொள்பவர், கையிலிருக்கும் அரைகுறைக் காரணங்களோடுதான் பயணம் தொடங்க முடியும் என்று காலர்டு 2018இல் எழுதினார். இக்கருத்துகளை ஏற்பவர், மாணவரின் முன்னிசைவைக் கல்லூரி முழுமையாகப் பெறவே இயலாது என்பதையும் ஏற்க நேர்கிறது. கற்றபின் பிறக்கும் இசைவு ஒன்றே கிடைக்கக்கூடியது.

அந்த இசைவு பிறக்கும் கணம் மெனோ உரையாடலிலேயே கண்முன் நடக்கிறது. சாக்ரட்டீஸ், மெனோவின் பணியாட்களுள் ஒருவனை அழைக்கச் சொல்கிறார். அவ்வீட்டிலேயே பிறந்த அடிமைச் சிறுவன் ஒருவன் வருகிறான். பக்கம் இரண்டடி கொண்ட சதுரம் வரையப்படுகிறது. அதன் பரப்பு நான்கு சதுர அடி. பரப்பு இரட்டிப்பாக, அதாவது எட்டாக, பக்கம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது வினா. பக்கத்தை இரட்டித்தால் போதும், நான்கடி என்கிறான் சிறுவன். கட்டங்களை எண்ணினால் பதினாறு வருகிறது. பின் மூன்றடி என்கிறான், ஒன்பது வருகிறது. அதன்பின் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். அவ்விடத்தில் சாக்ரட்டீஸ் மெனோவின் பக்கம் திரும்பி, இந்தத் திகைப்பு அவனுக்குத் தீங்கு செய்ததா என்று கேட்கிறார். தெரியும் என்ற மயக்கம் போனதனால்தான் இனி அவன் விரும்பித் தேடுவான் என்கிறார். இறுதியில் மூலைவிட்டமே விடை என்பதைச் சிறுவன் கண்டுகொள்கிறான். விரும்பி வராதவனிடம் விருப்பம் பாதிவழியில் பிறந்தது என்பதே இங்கு உற்றுநோக்கத் தக்கது. கட்டாயத்தால் புகட்டிய எந்தக் கல்வியும் உள்ளத்தில் தங்காது என்று பிளேட்டோவே தம் குடியரசு நூலின் ஏழாம் பகுதியில் எழுதியிருக்க, அழைத்து நிறுத்தப்பட்ட சிறுவனின் உள்ளத்தில் ஓர் உண்மை தன்னுடையதாகவே தங்கியதை அவரது மற்றோர் உரையாடல் காட்டுகிறது. வருகையைக் கட்டாயப்படுத்த முடியும், காண்பதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பிரித்துக் கொண்டால் இவ்விரண்டும் முரண்படமாட்டா.

ஆனால் மரபான உரைகள் பெரும்பாலும் விரைந்து கடக்கும் ஒரு குறை அக்காட்சியில் உண்டு. அச்சிறுவனின் பெயரை உரையாடல் கூறுவதில்லை. வர விருப்பமா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. மூலைவிட்டத்தைக் கண்டபின் அவன் என்ன ஆனான் என்பதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அவனுக்குக் கற்பிக்கப்பட்டது அவனுக்காக அன்று, கற்றல் என்பது நினைவுகூர்தலே என்ற கொள்கையை மெனோவுக்கு மெய்ப்பிப்பதற்காக. அவன் பெற்றது உண்மையான பேறுதான் என்றாலும், அதைக் கொடுத்தவரின் நோக்கத்தில் அவன் இல்லை. பொதுக் கல்வித் தேவைகளுக்கு உள்ள பெரிய இடர் இதுவே. கலிபோர்னியாவில் கல்லூரிக்கு வரும் அரசு நிதியின் பெரும்பகுதி மாணவர் சேர்க்கையை ஒட்டிக் கணக்கிடப்படுவதால், தன் பாடம் கட்டாயப் பட்டியலின் எந்தப் பிரிவில் இடம்பெறுகிறது என்பது ஒரு துறையின் வாழ்வையே தீர்மானிக்கக்கூடும். கால்-கெட்சித் திட்டத்தில் கலை, மானிடப் புலங்களுக்கான பாடங்கள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தபோதும், வாழ்நாள் கற்றலும் தன்வளர்ச்சியும் என்ற பிரிவு மாறிச் செல்வோரின் பட்டியலிலிருந்து நீங்கியபோதும் ஆசிரியர்கள் கலங்கியதில் வியப்பில்லை. அவர்களது கவலையில் பிழைப்பும் பாடத்தின்மேல் உள்ள உண்மையான பற்றும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. எனினும் துறையைக் காப்பதற்காக ஒரு மாணவரின் 144 மணி நேரத்தை, அதாவது மூன்று அலகுப் பாடம் ஒன்றின் காலத்தை, எடுத்துக்கொள்வது அச்சிறுவனை அழைத்து நிறுத்தியதற்கு ஒப்பானதே.

இதன் பின்னணியில் இன்னும் ஆழமான ஒரு வரலாறு உள்ளது. அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் எட்டாம் பகுதியில் சுதந்திர மனிதருக்கு உரிய கல்வியைக் கூலித்தொழிலுக்கான பயிற்சியிலிருந்து பிரித்தார். முன்னதற்கு ஓய்வு இன்றியமையாதது என்றார். அந்த ஓய்வு அடிமைகளின் உழைப்பின்மேல் நின்றது. கறுப்பின மக்களுக்குத் தொழிற்கல்வியே முதலில் வேண்டும் என்ற புக்கர் டி. வாஷிங்டனை மறுத்து, 1903இல் வெளிவந்த தம் நூலில் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் வாதிட்டபோது, அவர் உடைக்க முயன்றது இந்தப் பிரிவினையைத்தான். சமுதாயக் கல்லூரி அவ்வழியில் வந்தது. ஓய்வுடையோருக்கு என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒதுக்கி வைக்கப்பட்ட கல்வியை உழைப்பவருக்கும் உரியதாக்குவதைப் போன்ற மேன்மையான நோக்கம் கல்வி வரலாற்றில் அரிது. கல்வியைக் கொடுத்தவர்கள் ஓய்வைக் கொடுக்கவில்லை என்பதே அதன் குறை. ஓய்வின்றிப் பெறும் உயர்கல்வி எளிதில் கையொப்பக் கணக்காகச் சுருங்கும். மாணவரைக் குறை கூறுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே பொதுக் கல்வித் தேவை என்பது மாணவரைக் கட்டுவதைவிடக் கல்லூரியை இறுக்கமாகக் கட்டுகிறது என்று கொள்வதே அறநெறிக்குப் பொருந்தும். முன்கூட்டி இசைவு பெறாமல் ஒருவரின் வாழ்நாளில் ஒரு பகுதியைப் பெற்றவர், பின்னர் அவர் மனமார இசையக்கூடிய ஒன்றைத் திருப்பித் தரக் கடன்பட்டவர். இக்கடனின் முதல் தவணை, பாடம் எதற்கு என்று தெளிவாகச் சொல்வது. நூலின் முகப்பில் அமையும் பாயிரம் கூறவேண்டிய எட்டுச் செய்திகளுள் கேட்போர், பயன் என்னும் இரண்டையும் நன்னூல் வைத்திருப்பது தமிழ் மாணவர் அறிந்ததே. இந்தப் பாடம் இந்தப் பிரிவை நிறைவுசெய்கிறது என்ற வரி பயனைக் கூறியதாகாது. அது பட்டியலின் பயனைக் கூறுகிறது. வானியல் வகுப்பின் முதல் வாரத்தில் ஒரு செவிலியர் மாணவி இது தமக்கு எதற்கு என்று கேட்டால், அவ்வினாவை அடக்கமின்மையாகக் கருதாமல் பாடத்தின் முதல் பொருளாகவே ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறியாமையே கட்டாயத்தின் நியாயம் என்றால், ஏற்கனவே அறிந்தவரைக் கட்டாயப்படுத்த நியாயம் இல்லை என்பதும் உடன் வருகிறது. தனித்தேர்வு எழுதியோ, படைத்துறைப் பயிற்சியைக் காட்டியோ, செய்த வேலைகளின் தொகுப்பைச் சமர்ப்பித்தோ முன்கற்றலுக்கு அலகு பெறக் கலிபோர்னியாவின் விதிகள் இடமளிக்கின்றன. அவ்வழி அகலமாகத் திறந்திருக்கும் கல்லூரி தன் கட்டாயத்தின் காரணத்தைத் தானே நம்புகிறது எனலாம். இதனினும் கடினமானது, முழுப் பாடத்தையும் நேர்மையாகக் கற்று முடித்தபின், இது செலவிட்ட காலத்துக்குத் தகுதியுடையதன்று என்று காரணங்களோடு கூறும் மாணவரின் நிலை. அவர் இப்போது இரண்டையும் அறிந்தவர். மில்லின் அளவுகோலின்படி தீர்ப்புக் கூறும் தகுதி பெற்றவர். அத்தகுதியை அவருக்கு அளித்ததும் அதே பாடம்தான். அவரது வாதத்தைத் திருப்தி மதிப்பெண்ணாகச் சுருக்காமல் பாடத்திட்டக் குழு தன் முன் வைத்து, அதற்கு எழுத்தில் விடையளிக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் வரைவும் குறித்த கால இடைவெளியில் மறு ஆய்வுக்கு வருவதால், அவ்விடை எழுதப்படுவதற்கான இடம் கல்லூரிகளின் நடைமுறையில் முன்பே அமைந்திருக்கிறது.