கட்டில் கொடுத்து மானத்தைப் பறிக்கலாமா?

நோயாளிக்குக் கட்டிலும் மருந்தும் கொடுத்துவிட்டால் நமது கடமை முடிந்துவிடுமா? கொடுக்கும்போதே அவனுடைய மானத்தைப் பறித்துவிட்டால், கொடுத்தது தர்மமாகுமா? இக்கேள்விக்கு இங்கிலாந்தின் வைத்தியசாலை வரலாறு நல்ல பாடம் புகட்டுகின்றது.

1900ஆம் ஆண்டளவில் அந்நாட்டு ஏழை நோயாளிக்கு இரு வாசல்கள் இருந்தன. ஒன்று, நன்கொடையால் நடந்த தரும வைத்தியசாலை. குணமாகக் கூடியவர்களையே அது பெரும்பாலும் ஏற்றது. தீராத நோயாளர் வெளியே நின்றனர். மற்றது, 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டப்படி, ஊரவரின் வரிப்பணத்தில் நடந்த ஏழை விடுதியின் நோயாளர் பகுதி. அங்கே சென்றவர் மீது 'தரித்திரர்' என்ற முத்திரை விழுந்தது.

இந்த இழிவு தற்செயலாக வந்ததன்று. உதவி இலகுவாகக் கிடைத்தால் மக்கள் சோம்பேறிகளாவர்; ஆகவே விடுதி வாழ்வு, மிக வறிய தொழிலாளியின் வாழ்விலும் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கொள்கை. உழைக்கக் கூடியவனைப் பற்றி அப்படி வாதிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். காசநோய் சோம்பலாலா வருகின்றது? வெட்கம் நோயைத் தடுக்கவில்லை. நோயாளி வைத்தியரிடம் வருவதையே தடுத்தது.

ஆள்வோரும் இதை உணராமலில்லை. விடுதியில் பிறந்த குழந்தை ஆயுள் முழுவதும் தலைகுனியாதிருக்க, 1904 முதல் பிறப்புப் பத்திரத்தில் விடுதியின் பெயருக்குப் பதிலாக வெறும் தெரு விலாசம் எழுதப்பட்டது. பெயரை மறைக்க வேண்டிய இடத்தில் கிடைக்கும் உதவி எத்தகையது!

இன்னொன்றையும் கவனியுங்கள். லண்டனின் காய்ச்சல், அம்மை வைத்தியசாலைகள் 1891இலேயே எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டன. அம்மை செல்வனின் வீட்டுக்கும் வருமல்லவா? தன்னைப் பற்றிய பயம் விரைந்து செய்ததை, அயலானின் வேதனை செய்விக்கவில்லை.

நோயாளரை ஏழைகள் சட்டத்திலிருந்து பிரித்து, உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டுமென்று பியட்ரிஸ் வெப் அம்மையாரும் அவரைச் சேர்ந்தோரும் 1909இல் அரச ஆணைக்குழுவின் சிறுபான்மை அறிக்கையில் வாதாடினர். இருபது ஆண்டுகள் கழிந்தே சட்டம் வந்தது. 1930 ஏப்ரல் 1ஆம் திகதி விடுதி வைத்தியசாலைகள் உள்ளூராட்சி மன்றங்களின் கைக்கு மாறின. அவற்றைப் பொது வைத்தியசாலைகளாக்க மன்றங்களுக்கு அனுமதி கிடைத்ததேயன்றி, கட்டாயம் இருக்கவில்லை. லண்டன் போன்றவை முன்வந்தன; பல தயங்கின. 1948 ஜூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை பிறந்த பின்னரும், முதியோர் சிலர் அப்பழைய வாசலைக் கண்டு அஞ்சினர். சட்டம் ஒரு நாளில் மாறும்; பட்ட அவமானம் அப்படி மறையாது.

லிவர்பூல் நகரின் பெரிய ஏழை விடுதி நின்ற பிரவுன்லோ குன்றில், 1967இல் அபிஷேகம் செய்யப்பட்ட கத்தோலிக்கப் பேராலயம் இன்று நிற்கின்றது. அங்கே முழந்தாளிடுவோர் மட்டுமல்ல, நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோம்: நம் கையிலிருந்து உதவி பெற்றவர் தலைநிமிர்ந்து செல்கின்றாரா, தலைகுனிந்து செல்கின்றாரா?