கானகத்தில் முகூர்த்தம் வைக்கலாமா?

நெசவாளர் ஊரான பொதட்டூர்பேட்டையில் ஒரு வீட்டுக் கல்யாணம் தெரு முழுவதற்கும் தெரியும். பந்தக்கால் நட்ட நாளிலிருந்து ஒலிபெருக்கி பாடும். விசைத்தறிச் சத்தத்தையும் மீறி அது அடுத்த தெருவரை கேட்கும். மாப்பிள்ளை அழைப்பு இரவில் வெடிக்கும் சரவெடியில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழும். ஆனாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது; பந்தியில் எல்லோருக்கும் இலை உண்டு; நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் இதே சத்தத்தைக் கல்யாண வீட்டாரும் பொறுத்துக்கொள்வார்கள். மொய் நோட்டில் பணம் ஏறுவதைப் போலவே, எழுதப்படாமல் பொறுமையும் ஊருக்குள் கைமாறுகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாத இடத்தில் கல்யாணம் நடத்துவது அறமா என்ற கேள்வி இப்போது நெசவாளர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளில் சிலர் உள்ளூர் மண்டபமும் வேண்டாம், திருத்தணிக் கோயிலும் வேண்டாம் என்கிறார்கள். முதுமலையை ஒட்டிய மசினகுடியிலோ பழவேற்காட்டு ஏரிக்கரையிலோ மாலை மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். இந்த ஆசையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மண்டப வாடகையும் வரதட்சணைப் பேச்சும் உறவினர் மனத்தாங்கலும் சூழ்ந்த ஒரு சடங்கை, மலையும் மரமும் சூழ நடத்த விரும்புவது நல்ல மனத்தின் விருப்பமாகவே இருக்கலாம். ஆனால் நல்ல விருப்பம் என்பதால் மட்டும் ஒரு செயல் சரியாகிவிடாது.

காட்டின் உள்ளே நடத்துவதைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் எதற்காக நுழைவு அனுமதி தரலாம் என்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எண்ணிச் சொல்கிறது: வனவிலங்கு ஆய்வு, படமெடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு முறையான தொழில். கல்யாணம் அந்தப் பட்டியலில் இல்லை. சிக்கல் எல்லைக்கோட்டுக்கு வெளியே, தனியார் ரிசார்ட்டில்தான் தொடங்குகிறது. 'பட்டா நிலம், உரிமம் இருக்கிறது, வாடகை கொடுத்திருக்கிறோம்' என்று சொல்லிவிடலாம். ஆனால் யானையின் வழி பட்டாவைப் பார்த்து வளைந்து போவதில்லை. மசினகுடிப் பக்கத்துச் சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் இடத்தை ஒப்படைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அதை உறுதி செய்தது. அனுமதிச்சீட்டு வேறு, நியாயம் வேறு என்பதற்கு அந்த வழக்கே போதும்.

முதுமலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை நெடுஞ்சாலையில் வாகனங்களுக்குத் தடை உள்ளது. ஆம்புலன்ஸ் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. காய்கறி ஏற்றிய லாரி விலங்குகளுக்காகச் சோதனைச்சாவடியில் விடியும்வரை காத்துக் கிடக்கிறது. பிழைப்புக்காக ஓடும் வண்டியே நிற்கும்போது, அதே காட்டின் ஓரத்தில் ரிசப்ஷன் மேடையின் டிஜே சத்தம் நள்ளிரவுவரை அதிர்வதை எந்தத் தராசில் வைத்து நியாயப்படுத்துவது?

பணம் கட்டினால் தீங்கு சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் ஔலியை நினைத்துப் பார்க்க வேண்டும். உத்தராகண்டின் அந்த மலைப்புல்வெளியில் 2019 ஜூனில் தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தினர் இரண்டு திருமணங்களை நடத்தினார்கள். செலவு 200 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அம்மாநில உயர் நீதிமன்றம் ஹெலிகாப்டர் இறங்கத் தடை விதித்தது. 3 கோடி ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னது. பணம் கட்டப்பட்டது. விருந்தினர் போன பிறகு நூற்றுக்கணக்கான குவிண்டால் குப்பையை ஜோஷிமட் நகராட்சி அள்ள வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் நடப்பது அவ்வளவு பெரிய கல்யாணமாக இருக்காது. ஆனால் ஒரு பந்தியின் தண்ணீர்ப் பாட்டில்களும் ஐஸ்கிரீம் கப்புகளும் எங்கே போய்ச் சேரும் என்பதை யோசிக்க வேண்டும். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் இறந்த கர்ப்பிணி யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. அது எந்த வீட்டுக் குப்பை என்று யாரும் சொல்ல முடியாது. அதனாலேயே யாரும் பொறுப்பேற்பதுமில்லை.

வெளிநாட்டில் நடக்கிறதே என்பது அடுத்த வாதம். அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் திருமணத்துக்குத் தனி அனுமதி தருகிறார்கள். இடத்துக்கேற்ப ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பூங்கா 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. சென்னை கிண்டி தேசியப் பூங்கா 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆள் வரம்பும் நமக்கு எடுபடாது; நம் கல்யாணத்தில் சித்தப்பா வீட்டை அழைத்துவிட்டுப் பெரியம்மா வீட்டை விட முடியாது. இருபது பேர் என்று தொடங்கும் பட்டியல் இருநூறில்தான் நிற்கும்.

காலமும் இடிக்கிறது. பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பூநாரைகள் அங்கே கூடுவது குளிர்காலத்தில். தை, மாசி முகூர்த்தங்கள் வருவதும் அப்போதுதான். ஒளியும் ஓசையும் பறவைகளை எந்த மாதத்தில் அதிகம் பாதிக்குமோ, அந்த மாதத்திலேயே நம் நல்ல நாட்கள் விழுகின்றன.

காட்டோரத்து மக்களுக்கு வருமானம் வருமே என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஜீப் ஓட்டுபவருக்கும் விடுதியில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அந்தப் பணம் தேவை. ஆனால் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் சோறு போடுவது காட்டைப் பார்க்க வருகிற கூட்டம். விலங்குகள் விலகிப் போய்விட்டால் அந்தக் கூட்டமும் வராது.

இதன் அடியில் கிடக்கும் கேள்வி உறவைப் பற்றியது. வேடந்தாங்கல் விவசாயிகள் தலைமுறைகளாகப் பறவைகளுக்காகச் சத்தத்தைக் குறைத்து வாழ்கிறார்கள். பறவை எச்சத்தால் உரமேறிய ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்குப் பாய்கிறது. அங்கே இரு தரப்பும் கொடுக்கிறது, இரு தரப்பும் பெறுகிறது. திருவள்ளூர் மாவட்டத்து இருளர்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். அந்த மணலிலேயே கல்யாணமும் செய்கிறார்கள். அவர்களுக்கு அது தெய்வத்தின் சந்நிதி. முதுமலைக்குள் வாழும் பழங்குடியினரின் வீட்டுக் கல்யாணம் அவர்கள் ஊரில் நடப்பதும் அப்படியே. அது அவர்கள் வீடு. ஆகவே, திறந்த வெளியில் தாலி கட்டுவதே தவறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் வந்து, படத்துக்குப் பின்னணியாக மட்டும் காட்டை வைத்துக்கொண்டு, மறுநாள் காரேறிப் போகிறவருக்கு அந்த இடத்தோடு எந்தக் கணக்கும் கிடையாது. அவருடைய மகிழ்ச்சிக்கான விலையை, பத்திரிகை கொடுக்கப்படாத, சம்மதம் கேட்க முடியாத உயிர்கள் கட்டுகின்றன. இதுதான் இதில் உள்ள அநீதி.

ஒலிபெருக்கி இல்லாமல், பத்துப் பேரோடு, இலையில் சாப்பிட்டுக் குப்பையைத் திரும்ப எடுத்துப் போகும் எளிய கல்யாணம் என்றால்? தீங்கு குறைவுதான். ஆனால் அவ்வளவு எளிமையை ஏற்ற மனத்துக்குக் காடு எதற்கு? சீர்திருத்தத் திருமணத்துக்கு 1967இல் சட்ட ஏற்பு தந்த மாநிலம் இது. உற்றார் சிலர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். சொந்தக்காரரின் மாந்தோப்பிலும் அது செல்லும், வீட்டு வாசலிலும் செல்லும்.

ஆகவே தேசியப் பூங்காவிலும் அதன் ஓரத்திலும் கல்யாணம் வேண்டாம் என்பதே நியாயமான முடிவு. பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் அதட்ட வேண்டாம், காரணத்தைச் சொல்லட்டும். மணமக்களே, முகூர்த்தத்தை உங்களைத் தெரிந்தவர்கள் நடுவில் வையுங்கள். காடு பார்க்க ஆசையிருந்தால், கல்யாணம் முடிந்து ஊர் அடங்கியபின், வனத்துறை சொல்லும் நேரத்தில், இருவர் மட்டும் போய்வாருங்கள்.