கடிதத்தில் இருக்கும் இன்னொருவர்

2014-இல் சோனி நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானபோது, ஒபாமாவை அவர் இனத்தை வைத்துக் கேலி பேசியிருந்த அதன் திரைப்படப் பிரிவின் தலைவர் ஏமி பாஸ்கல் மன்னிப்புக் கேட்டார். அந்த வரிகள் தன் இயல்பைக் காட்டுபவை அல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். பிடிபட்ட பெரிய மனிதர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, எல்லாவற்றையும் கொட்டிவிட்ட ஒருவர் உண்டு. எனக்கு அதிகம் வலிப்பது அவர் கதைதான்.

அலெக்சாண்டர் ஹாமில்டன் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர். மரியா ரெனால்ட்ஸ் என்ற மணமான பெண்ணோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. அந்தப் பெண்ணின் கணவர் மிரட்டியே ஆயிரம் டாலருக்கு மேல் கறந்தார். 1792-இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூவர் வந்து, இந்தப் பணப் பரிமாற்றத்தில் அரசு நிதி கலந்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஹாமில்டன் கடிதங்களைக் காட்டினார். அவர்களும் போய்விட்டார்கள். 1797-இல் கேலண்டர் என்ற பத்திரிகையாளர் அந்த விசாரணையின் ஆவணங்களை அச்சேற்றி ஊழல் பழி சுமத்தியதும், ஹாமில்டன் தாமே ஒரு நீண்ட பிரசுரம் வெளியிட்டார். ஒழுக்கத்தில் தவறினேன், அரசுப் பணத்தைத் தொடவில்லை என்பது அவர் வாதம். சான்றாக மரியாவின் கடிதங்களை எழுத்துப் பிழைகளோடு அப்படியே பின்னிணைப்பில் சேர்த்தார்.

துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது யாருடைய மானத்தை வைத்துக் காட்டிய துணிச்சல்? பிரசுரம் வெளியான மாதம்தான் அவர் மனைவி எலிசா ஆறாவது குழந்தையைப் பெற்றிருந்தார். ஹாமில்டன் அப்போது பதவியில்கூட இல்லை. விசாரிக்க வந்த மூவரில் இருவர் அவருக்கு ஆதரவாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மட்டும் வெளியிட்டுவிட்டு மிச்சச் சந்தேகத்தை அவர் தாங்கியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

அப்படி இழப்பைத் தாமே தாங்கிய ஒருவர் உண்டு. 2019-இல் டிரம்ப் நிர்வாகத்தைத் திறமையற்றது என்று தன் அரசுக்கு எழுதிய பிரிட்டிஷ் தூதர் கிம் டேரக்கின் குறிப்புகள் கசிந்தன. எழுதியதை அவர் மறுக்கவில்லை, வேறு யாரையும் உள்ளே இழுக்கவுமில்லை. இனி இந்த வேலையைச் செய்ய இயலாது என்று விலகினார். அவர் செய்தது கடமை, ஹாமில்டன் செய்தது துரோகம். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் பதில் சொல்லும்போது டேரக் இழப்பைத் தன்னோடு நிறுத்திக்கொண்டாரே, அதைத்தான் மதிக்கிறேன்.

எலிசா தன் கணவருக்கு எழுதிய கடிதங்கள் இன்று கிடைப்பதில்லை. எலிசாவே அழித்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். மரியாவின் கடிதங்களை யாரும் படிக்கலாம். அவற்றை எரிக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.