கூட்டுப் பொறுப்பும் தனி நாற்காலியும்

வங்கியில் வவுச்சரைப் பதிகிற நான் அதை பாஸ் செய்ய முடியாது. இன்னொருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். அவநம்பிக்கையை முறையாக்கி வைத்திருக்கும் ஏற்பாடு. பிழை யாருடையது என்பது மட்டும் மறுநாளே தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறானது மென்பொருள் உலகில் 'அஜைல்' என்று வழங்குவது. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கை தந்த பெயர் அது. அவர்களில் ஒருவரான கென்ட் பெக் இதற்கு முன்னரே, 1996இல், கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளக் கணக்குத் திட்டத்தில் இத்தகைய ஒரு முறையைக் கொண்டுவந்தார். புரோகிராம் எழுதுபவர்கள் ஒரு கம்ப்யூட்டர் முன் இருவராக உட்காருவார்கள். எழுதியது தனியொருவருக்குச் சொந்தமில்லை; யாரும் யாருடையதையும் திருத்தலாம். வாரத்துக்கு 40 மணி நேரமே வேலை. என்ன வேண்டும், எது முதலில் வேண்டும் என்று சொல்ல வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் கூடவே இருப்பார்.

87,000 பேருக்கான அந்தத் திட்டம் 1997இல் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போடத் தொடங்கிற்று. சில மாதங்களில் வாடிக்கையாளர் பிரதிநிதி களைத்துப்போய் விலகினார். அவரிடத்தை நிரப்ப இயலவில்லை. 2000இல் திட்டம் கைவிடப்பட்டது. இதற்கிடையில் கம்பெனியே டைம்லருடன் இணைந்துவிட்டது. எனவே காரணம் இது ஒன்றே என்று நான் வாதிடவில்லை.

எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொறுப்பு மறைவதில்லை, இடம் மாறுகிறது. பங்கிட ஆள் உள்ளவர்களிடமிருந்து, ஆளில்லாதவரிடம் போய்ச் சேருகிறது. ஜோடியாக உட்கார்ந்தவர்களுக்குப் பிழையின் பாரம் பாதியாயிற்று. தேவையைச் சொன்னவருக்கு ஜோடி இல்லை.

இன்று பரவலாக உள்ள 'ஸ்க்ரம்' முறையின் 2020ஆம் வருஷத்துக் கையேடும் இந்த இடம் ஒரே நபருக்குரியது, குழுவுக்கல்ல என்கிறது. நியாயம்தான், குழுவாகத் தீர்மானிக்கத் தொடங்கினால் எதுவும் தீர்மானமாகாது. ஆனால் தீர்மானிப்பவர் ஒருவர் என்பதால், அதன் விளைவைச் சுமப்பவரும் அவர் ஒருவரே என்றாகிவிடாது. 'என் வேலை புரோகிராம் எழுதுவது, வேண்டியதைச் சொல்வது உங்கள் வேலை' என்று ஒருவன் நினைத்த கணத்தில் கூட்டுறவு முடிந்துவிடுகிறது, எல்லோரும் ஒரே அறையில் இருந்தாலும்.

எங்கள் வங்கி முறை குற்றவாளியைத் தேடத் தெரிந்தது. தனித்து விடப்பட்டவரைத் தேட அதற்குத் தெரியாது. 'நாம்' என்று பேசுகிற முறைக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.