கேட்பதா, கேளாதிருப்பதா?

நமது சங்கரன்கோவில் வாலிபர் ஒருவர் ஒரகடத்திலுள்ள ஜப்பானியத் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். மேலதிகாரி அவரைச் சென்னையில் உயர்தர ஜப்பானிய உணவகம் ஒன்றுக்கு விருந்துக்கு அழைத்துச் சென்றாராம். "பச்சை மீன் வைத்தார்கள் ஹஜ்ரத், கூடுமா?" என்று நம்மிடம் கேட்டார்.

மீனுக்கு அறுப்புமில்லை, வேக வைக்கவேண்டுமென்ற நிபந்தனையுமில்லை. (கணவாய் என்றால் ஹனஃபிகளான நமக்குக் கூடாது; காயல்பட்டினத்து ஷாஃபிஈ சகோதரர்களுக்குக் கூடும்.) சோற்றில் கலக்கும் வினிகர் எனும் காடியும் ஆகுமானதே; நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய பொருள் அது. அவர் கவலைப்படாத இடத்தில்தான் ஆபத்திருந்தது. ஜப்பானியர் பல பதார்த்தங்களில் மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவைச் சேர்ப்பார்கள். அதில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால். அடுப்பில் ஆவியாகிவிடுமென்று சமாதானம் சொல்வோருண்டு. ஊற்றியபோதே உணவு நஜீஸாகிவிட்டதே!

"விசாரித்தீர்களா?" என்றோம்.

"எல்லார் முன்னிலும் எப்படிக் கேட்பது? தெரியாமல் சாப்பிட்டால் குற்றமில்லையே?"

ஒரு பயணத்தில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தடாகத்துக்காரரிடம், வனவிலங்குகள் இதில் நீரருந்த வருமா என்று கேட்டபோது, சொல்லவேண்டாமென உமர் (ரலி) அவர்கள் தடுத்துவிட்டார்கள். வாலிபர் இதையே ஆதாரமாக்கலாம். ஆனால், தண்ணீரின் அசல் நிலை சுத்தம். நம்மூர் முஸ்லிம் பிரியாணிக் கடையில் சட்டியைத் திறந்து விசாரிப்பதும் அதுபோல் வேண்டாத வேலையே. மது ஊற்றுவதே வழக்கமான அடுப்பில் அப்படியா? அங்கே கேளாதிருப்பவர் அறியாதவரல்லர், அறிய அஞ்சியவர்.

இஸ்திஃபார் செய்யச் சொன்னோம். அடுத்த மாதமும் விருந்தாம். முந்தின நாளே உணவகத்துக்குத் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளட்டும். மறைக்கச் சமையற்காரருக்கு என்ன அவசியம்?